பொடி, மருந்து, நஞ்சு

எங்கள் வீட்டில் பொடி என்றால் மூன்று. இட்லிக்கு எண்ணெய் விட்டுக் குழைத்துக்கொள்வது ஒன்று. மாமனார் உயிரோடு இருந்தவரை மூக்கில் ஏற்றியது ஒன்று. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம், அந்தச் செடியில் கம்பளிப்பூச்சி விழுந்தால் கொல்லை நிலத்தில் தூவுவது ஒன்று. மூன்றையும் ஒரே மரியாதையோடு பொடி என்றுதான் சொல்வோம். எந்தப் பொடி என்பதைச் சொல்கிறவர் நிற்கிற இடத்தை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும். இதில் குழம்பிப்போய் யாரும் இட்லிக்கு மூக்குப்பொடி தொட்டுக்கொண்டதில்லை. ஆனால் வேறொரு குழப்பம் வந்தது. அதில் என் வயிற்றுப் பிள்ளையை வைத்து நான் விளையாடிவிட்டேன்.

எழுபதுகளின் கடைசியில் டவுனிலிருந்து அடி அண்ணாமலைக்கு வாழ்க்கைப்பட்டேன். மலைக்கு முன்பக்கம் பிறந்து பின்பக்கம் போய்ச் சேர்ந்தேன், என் வாழ்நாளின் பெரிய பிரயாணம் அவ்வளவுதான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், டைப்ரைட்டிங் லோயர். அந்தத் தெருவிலேயே அதிகம் படித்த மருமகள் என்ற கர்வம் எனக்கு உண்டு. வீட்டில் கணவர், மாமியார், நான், இரண்டு மாடு, எண்ணிக்கை தெரியாத கோழிகள். கணவர் அதிகம் பேசமாட்டார். மாமியாரும் அளவாகத்தான் பேசுவார். அந்த வீட்டுக்கு மொத்தமாக எவ்வளவு பேச்சு தேவையோ அதை நான் ஒருத்தியே பேசித் தீர்த்தேன்.

பொடி மூட்டை என் அறையில்தான் இருந்தது. கட்டிலுக்குத் தலைமாட்டில், சுவரோடு சாய்த்து வைத்திருந்தார்கள். காரணம், அந்த வீட்டில் தாழ்ப்பாள் போட்ட அறை அது ஒன்றுதான். வெளியே வைத்தால் கோழி கொத்திவிடும், கன்றுக்குட்டி நக்கிவிடும், செத்துப்போகும். ஆகவே கோழிக்கும் கன்றுக்கும் எட்டாத பத்திரமான இடமாகப் பார்த்து, பிள்ளைத்தாய்ச்சி தூங்குகிற அறையில் வைத்திருந்தோம். இன்றைக்கு இதை எழுதும்போது எனக்கே சிரிப்பும் கோபமும் சேர்ந்து வருகிறது. அன்றைக்கு அது எங்கள் யாருக்கும் விசித்திரமாகத் தெரியவில்லை. ஈரச்சாக்கும் பழைய புத்தகமும் கலந்த மாதிரி ஒரு வாடை அறையில் எப்போதும் இருக்கும். கல்யாணமான புதிதில் அதை என் கணவரின் வாடை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு நாலு மாதம் முடிந்த சமயத்தில் நர்ஸம்மா வந்தாள். பேறுகாலம் பார்க்கவும் ஊசி போடவும் ஊர் ஊராக நடக்கிற கவர்மெண்டு நர்ஸ். நாகர்கோவில் பக்கத்துப் பெண், ஏறக்குறைய என் வயதுதான். அவள் பேசுகிற தமிழைக் கேட்கவே தெருவில் கூட்டம் கூடும். என் கட்டிலில் உட்கார்ந்து நாடி பார்த்தாள், கண்ணை இழுத்துப் பார்த்தாள். பையிலிருந்து இரும்புச்சத்து மாத்திரைப் பொட்டலம் ஒன்றை எடுத்தாள். வைப்பதற்கு மேசை இல்லாததால் பொடி மூட்டையின் மேல் வைத்தாள். வைத்ததும் அவள் மூக்குக்கு வாடை எட்டிவிட்டது.

"இது என்ன மருந்தா? இந்த மருந்தெல்லாம் பிள்ளத்தாய்ச்சி பக்கத்துல இருக்கப்பிடாது கேட்டியளா. வயித்துப் பிள்ளைக்கு ஆகாது" என்று விரலை நீட்டிச் சொன்னாள்.

மாமியார் வாசற்படியில் நின்றிருந்தார். அங்கிருந்து பார்த்தால் அந்த விரல் நேராக மாத்திரைப் பொட்டலத்தைத்தான் காட்டும். நாகர்கோவிலில் வயலுக்குப் போடுவது மருந்து. எங்களுக்கு அது பொடி. மருந்து என்றால் ஆஸ்பத்திரியில் கொடுப்பது. நர்ஸம்மா தலையை ஆட்டிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

"இன்னா அத்த இது? குடுத்ததும் அவளே, ஆவாதுன்னு சொல்றதும் அவளே?" என்று நான் கேட்டேன்.

மாமியார் வாசற்படி தாண்டி உள்ளே வந்தார். "கவர்மெண்டு ஆளுடி. குடுக்கணும்னு மேல சொல்லியிருப்பாங்க, குடுத்துட்டா. நல்ல வூட்டுப் பொண்ணு போல கீது, மனசு கேக்காம துன்னாதன்னு சொல்லிட்டுப் போறா" என்றார். பொட்டலத்தை எடுத்துப் பரணில் போட்டார். மூட்டை இருந்த இடத்திலேயே இருந்தது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நர்ஸம்மா எதைச் சொன்னாள் என்று எனக்குப் பாதி புரிந்திருந்தது. அவள் மூக்கைச் சுளித்ததைப் பார்த்தவள் நான். ஆனால் முந்தின மாதம் திண்ணையில் வைத்து முதல் தவணையாக அவள் கொடுத்திருந்த மாத்திரையை நான் ஒரு வாரம் தின்று பார்த்திருந்தேன். வாய் முழுக்கத் துருப்பிடித்த ஆணி ருசி, குமட்டல், மூன்று நாளைக்கு ஒருமுறை கொல்லைக்குப் போகிற அவஸ்தை. மாமியாரே வேண்டாம் என்று பரணில் போடும்போது நான் ஏன் வாயைத் திறக்கிறேன்? ஊர் வம்புக்கெல்லாம் நாலு முழம் நீளுகிற என் வாய் அன்றைக்கு மட்டும் கம்மென்று கிடந்தது.

ஆடியில் ஒரு மழை பெய்தது. பெய்த பத்தாம் நாள் கொல்லை முழுக்கக் கம்பளிப்பூச்சி. ஒரு செடியில் ஏறினால் நரம்பை மட்டும் வைத்துவிட்டு அடுத்த செடிக்குப் போகும். ஊரில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பூச்சி விழுந்ததால் கூலிக்கு ஆள் இல்லை. மாமியாரும் கணவரும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, வீட்டில் தனியாக உட்கார்ந்தால் பேச ஆள் கிடைக்காதே என்றுதான் போனேன்.

பொடி தட்டுவது ஒரு பெரிய வித்தையில்லை. பழைய வேட்டித் துணியில் பொடியை மூட்டையாகக் கட்டிக்கொள்ள வேண்டும். விடியற்காலைப் பனி இலையில் ஈரமாக இருக்கும்போதே ஒரு கையில் மூட்டையைப் பிடித்து, மறுகையால் குச்சி கொண்டு தட்டிக்கொண்டே வரிசையில் நடக்க வேண்டும். காற்றுக்கு எதிரே நடக்கக் கூடாது, அது ஒன்றுதான் விதி. நான் பேசிக்கொண்டே நடந்ததில் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. வரிசை முடிந்து திரும்பியபோது தலை, புருவம், மூக்கு, நாக்கு எல்லாம் வெள்ளை. கணவர் என்னைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதற்காகவே மறுநாளும் போனேன்.

போதாக்குறைக்கு, டவுனிலிருந்து வந்த கணவரின் அக்கா பிள்ளைகள் எனக்குத் தலை நிறையப் பேன் கொடுத்துவிட்டுப் போயிருந்தன. பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள் என்று ஒரு கை பொடியை எடுத்து மயிர்க்காலில் தேய்த்து, துணி கட்டிக்கொண்டு ஒரு பகல் முழுக்க இருந்தேன். பேன் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தெருவில் நாலு பேருக்கு நானும் சிபாரிசு செய்தேன்.

ஐப்பசியில் நர்ஸம்மா திரும்ப வந்தாள். எனக்கு எட்டாம் மாதம். கண்ணை இழுத்துப் பார்த்தவள் முகம் மாறிவிட்டது. "என்ன இப்படி வெளுத்துக் கிடக்கியோ? மாத்திரை தின்னலியா?"

"நீங்கதான மருந்து ஆவாதுன்னு சொன்னீங்க" என்றார் மாமியார்.

நர்ஸம்மா மாமியாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கடைசியில் என் தலைமாட்டில் பாதியாகக் குறைந்து நின்ற மூட்டையைப் பார்த்தாள். "ஏ யம்மா! நான் இந்த விஷத்தையில்லா சொன்னேன்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். பொடி தட்டக் கொல்லைக்குப் போனீர்களா, கையால் தொட்டீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பேன் கதையை நான் சொல்லி முடித்தபோது அவள் கண் கலங்கிவிட்டது. என் குழந்தைக்காக முதலில் அழுதது நாகர்கோவில்காரிதான். எனக்கு அப்புறம்தான் அழுகை வந்தது.

மறுநாளே டவுனுக்குப் போய் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். மாட வீதிக்குப் பக்கத்துச் சந்தில் சின்ன கிளினிக். ஐம்பது வயதுக்காரர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பேசுவார். நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்த என் கட்சியை எடுத்து வைத்தேன்.

"டாக்டர், கொடி இருக்குதில்லைங்களா, நஞ்சுக்கொடி. பிள்ளைக்குப் போற நஞ்சையெல்லாம் அது தடுத்துப் பிடிச்சி வச்சிக்கும், அதனாலதான் அதுக்கு நஞ்சுன்னு பேரு. அதனாலதான் பிரசவம் ஆனதும் நாய் நரி எடுக்காம ஆழமாப் புதைக்கிறாங்க. அப்போ பொடியும் அதுலயே நின்னுடும்தானே?"

சத்தியமாக நான் அப்படித்தான் நம்பியிருந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்ததன் பலன். டாக்டரம்மா சிரித்தார். சிரித்துவிட்டு, பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும், கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார்.

"யாரு அந்தப் பேரு வச்சாங்களோ தெரியலம்மா. பிள்ளைக்குச் சோறு, தண்ணி, மூச்சு எல்லாம் அது வழியாத்தான் போவுது. பிள்ளைக்கு அது இன்னொரு அம்மா மாதிரி. ஆனா அது செவரு கிடையாது, சல்லடை. நீங்க மாவு சலிக்கிறீங்கல்ல? கப்பி மேல நிக்கும், மாவு எறங்கிடும். சில கெடுதலைத் தடுக்கும். சிலது எறங்கிடும். எண்ணெய்ல கரையற மாதிரிப் பொருளெல்லாம் சுலபமா எறங்கும். நீங்க தூவினது அந்த ஜாதி."

"அப்போ பிள்ளைக்கு?"

"வெளிநாட்டுல வாந்திக்குன்னு குடுத்த மாத்திரையாலயே பிள்ளைங்க கை கால் இல்லாம பொறந்திருக்குது. அது எந்த மாசத்துல உள்ள போனது, எவ்வளவு போனதுன்னு எல்லாம் இருக்கு. உங்க விஷயத்துல சொல்றதுக்கு எங்கிட்ட ஒரு டெஸ்டும் இல்ல. இனிமே அந்தப் பக்கமே போகாதீங்க, மாத்திரையை முழுங்குங்க. பார்ப்போம்."

அந்தப் பார்ப்போமைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வழி நெடுக வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த எங்கள் தெருக்காரி எனக்கு உடம்பு சரியில்லையோ என்று இரண்டு தடவை கேட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது மூட்டை இல்லை. அதை மாமியார் ஒரு ஆளாக இழுத்துக்கொண்டு போய்க் கொல்லைக் கோடியில் இருந்த இடிந்த மோட்டார் ரூமில் போட்டிருந்தார். என் அறையை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, சாணம் மெழுகி, கட்டிலை வெயிலில் போட்டிருந்தார்.  பரணிலிருந்து இறக்கிய பொட்டலத்தையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் நீட்டினார். நான் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே விழுங்கினேன். என் தப்பு எனக்குத் தெரியும். தெரிந்தும் அவரைத் திட்டுவது சுலபமாக இருந்தது. அன்றிலிருந்து தினமும் மாத்திரையோடு சேர்த்து ஒரு திட்டும் உள்ளே போனது.

மிச்சம் இருந்த நாட்களில் பிள்ளை உதைக்கிற ஒவ்வோர் உதையையும் எண்ணினேன். உதைத்தால் கால் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு இடத்தில் சேர்ந்தாற்போல் உதைத்தால் இரண்டு காலும் இருக்கிறது. கைக்கு என்ன அடையாளம் என்று தெரியாமல் தவித்தேன்.

கார்த்திகைத் தீபம் முடிந்த மறுவாரம் அந்த டாக்டரம்மாவிடமே பெண் பிறந்தாள். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. உரித்த கோழிபோல் இருந்தாள். கை இரண்டு, கால் இரண்டு, விரல் இருபது. நான் எண்ணினேன், ஆயா எண்ணினாள், நம்பாமல் நான் திரும்பவும் எண்ணினேன். பிறகு, கொடியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். இதுவரை ஒருத்தியும் கேட்டதில்லை என்று டாக்டரம்மா சொன்னார். ஆனாலும் எனாமல் தட்டில் வைத்துக் காட்டினார். ஈரல் மாதிரி இருந்தது, மேலே மரத்தின் வேர்போல நரம்புகள். இத்தனை மாதம் என் பேச்சையெல்லாம் சகித்துக்கொண்டு எனக்குள் வேலை பார்த்த ஒன்றை முதல் தடவையாகப் பார்த்தேன். நன்றி சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"கொஞ்சம் சின்னது. அங்கங்க வெள்ளையா தட்டியிருக்கு. ஏன்னு கேட்டா என்னால சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா.

ஆயாவிடமிருந்து அதை மாமியார் கேட்டு வாங்கிக்கொண்டார். மண்சட்டியில் வைத்து, துணியால் வாயைக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் உட்கார்ந்தார். கண்டக்டர் சட்டியைப் பார்த்து, "இன்னா பாட்டிமா, கறிக்கொழம்பா?" என்று கேட்டதற்கு, "ஆமாம்பா, இன்னும் தாளிக்கல" என்று சொன்னதாக என் கணவர் வந்து சொன்னார். இன்னும் வலிக்கிற வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எங்கள் வீட்டு வழக்கப்படி மல்லாட்டைக் கொல்லை வரப்பில்தான் புதைப்பார்கள். மாமியார் அங்கே போகவில்லை. பொடி விழுந்த மண் வேண்டாம் என்று கிணற்றங்கரையில் ஆழமாகத் தோண்டிப் புதைத்திருந்தார்.

அதற்குப் பிறகு ஆறேழு வருடம் நான் போலீஸ் வேலை பார்த்தேன். பிள்ளையின் பின்னால் நின்று கை தட்டுவேன், திரும்பினால் காது கேட்கிறது. பல் முளைக்க லேட்டானால் பொடி. பதினாறு மாதம் வரை நடக்கவில்லை, அதுவும் பொடி. பேச்சு வந்தது, வந்த பிறகு நிற்கவில்லை, அதைப் பொடியின் கணக்கில் எழுத எனக்கே கூச்சமாக இருந்தது. ஒன்றாம் வகுப்பில் கணக்கில் பதினெட்டு மார்க் வாங்கினாள். நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது என் கணவர் மெதுவாக, "உன்னோட பழைய மார்க் லிஸ்ட்ட எடுத்துக்கினு வா, பார்க்கலாம்" என்றார். அந்தப் பேச்சை அத்தோடு விட்டேன்.

அதே சூட்டில், வீட்டில் இனி யாரும் அதைப் பொடி என்றோ மருந்து என்றோ சொல்லக் கூடாது, விஷம் என்றுதான் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டேன். கணவர் சொன்ன பேச்சு கேட்பவர். டவுனில் உரக்கடைக்குப் போய், "ஒரு மூட்டை விஷம் குடுங்க, வீட்ல வாங்கியாரச் சொன்னாங்க" என்றிருக்கிறார். கடைக்காரர் அவரை உள்ளே உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, சம்சாரம் எப்படி, சண்டை ஏதாவதா என்று ஒரு மணி நேரம் புத்தி சொல்லி வெறுங்கையோடு பஸ் ஏற்றிவிட்டார். சட்டம் அன்றோடு ரத்தாயிற்று.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் பிற்பகல். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டு நானும் மாமியாரும் உட்கார்ந்திருந்தோம். வழக்கம்போல் நான் பேசிக்கொண்டிருந்தேன், அவர் உடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டி, உன்ன ஒண்ணு கேக்கணும்" என்றார் திடீரென்று.

"கேளுங்க."

"உன் புருஷனுக்கு அப்பால எனக்கு ரெண்டு பொறந்துது. அவன் சின்னவன், நெனப்பு இருக்காது. மொதல்ல ஒரு பொண்ணு. ஏழு நாள் இருந்துச்சி. அப்பால ஒரு பையன். அவன் அழவே இல்ல."

நான் உடைப்பதை நிறுத்தினேன். அவர் நிறுத்தவில்லை.

"அந்தப் பொண்ணு பொறக்கறதுக்கு மொத வருசந்தான் கவர்மெண்டுலேர்ந்து கிராம சேவக் வந்து ஊருக்கே பொடி குடுத்தாரு. எப்பிடித் தட்டறதுன்னு ஒருத்திக்கும் புடிபடல. நாந்தான் நல்லா தட்டுவேன். எல்லாம் என்னைத்தான் கூப்பிடுவாங்க. ரெண்டு தபாவும் வயித்துல வச்சிக்கினுதான் தட்டினேன். நம்ம கொல்லையும் தட்டினேன், அடுத்தவங்க கொல்லையும் தட்டினேன்." ஒரு காயை உடைத்துப் பருப்பைத் தனியே போட்டார். "அந்த டாக்டரம்மாவக் கேட்டுக்கினு வா. அதனாலதானான்னு."

 அறையைக் கழுவிய நாளிலிருந்து இந்தக் கேள்வியை இவர் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். நானோ அத்தனை நாளும் இவரைத் திட்டிக்கொண்டு மாத்திரை விழுங்கியிருக்கிறேன். என் மகள் நன்றாக இருக்கிறாள். என் பயமெல்லாம் வெறும் பயமாகவே முடிந்துவிட்டது. அவருக்கு அப்படி முடியவில்லை. வெட்கத்தில் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் டவுனுக்குப் போய்க் கேட்டேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஜுரம், ரத்தம் கம்மி, பிரசவத்துல சிக்கல், எது வேணா இருந்திருக்கும். இத்தனை வருஷம் கழிச்சு யாராலம்மா சொல்ல முடியும்?" என்றார்.

பஸ்ஸில் வரும்போது அதை எப்படிச் சொல்வது என்று வார்த்தை வார்த்தையாக அடுக்கிப் பார்த்தேன். இருக்கலாம் என்று முதலில் சொல்வதா, இல்லாமலும் இருக்கலாம் என்று முதலில் சொல்வதா? எப்படிச் சொன்னாலும் இருக்கலாம்தான் அவர் காதில் நிற்கும். அடி அண்ணாமலையில் இறங்கி வீடு வரை நடந்தேன். முந்தின நாள் விட்ட இடத்திலேயே மாமியார் முறத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"அதனால இல்லையாம் அத்த" என்றேன்.

"டாக்டரம்மாவே சொல்லிச்சா?"

"ஆமா."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணு கேட்டா ஒம்போது சொல்றவ நீ. இன்னிக்கி மட்டும் ஒரே வார்த்தையில முடிச்சிக்கினியே" என்றார்.

சிதறிக் கிடந்த மல்லாட்டைத் தோலை நான் குனிந்து அள்ளினேன்.

"செரி, இல்லன்னே வச்சிக்குவோம்" என்று சொல்லிவிட்டு, முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார்.